பத்தாவது முடிந்த பிறகு

அந்த விடுதியில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். பெரியக்கா குள்ளம். சின்னக்கா அவரைவிட ஒரு தலை உயரம். புதிதாக வந்து சேரும் பெண்கள் முதல் ஒரு வாரம் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இருவருக்கும் ஒரே வயதுதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சில மாதங்கள் முன்னால் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காகக் குள்ளமானவர் பெரியக்கா ஆகிவிட்டார். "வளர்த்தியிலதான் கோட்டை விட்டாச்சு, பட்டமாவது பெருசா இருக்கட்டும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

விடுதி தொடங்குவதற்கு முன்னால் பெரியக்கா டவுன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தார். மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஆறாம் வகுப்புக்கு வருவார்கள். காலையில் ஒரு பேருந்து, சாயங்காலம் ஒரு பேருந்து. சாயங்காலப் பேருந்து மக்கர் செய்யும் நாளில் பெண் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இரண்டு தடவை அப்படி இருட்டினால் போதும், பிறகு அந்தப் பெண் வரமாட்டாள். எட்டாம் வகுப்புக்குள் பின்வரிசை பெஞ்சுகள் காலியாகிவிடும். வருஷா வருஷம் அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போயிற்று. இந்தப் பெண்கள் டவுனிலேயே தங்கிப் படிக்க ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் தனி ஆள். வேலையை விடாதே என்று கையைப் பிடித்து நிறுத்த வீட்டில் யாரும் இல்லை.

புலம்பலைக் காதில் வாங்கியது சின்னக்கா மட்டும்தான். புருஷன் வீட்டில் வாழ முடியாமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டில் அண்ணியின் முகக்குறிப்பைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். அண்ணன் டவுனுக்கு வெளியே தையல் ஃபேக்டரி நடத்தினார். அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சமைத்துப்போடும் மெஸ்ஸை சின்னக்காதான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அவர் வந்து, அண்ணனின் பழைய நூல் கிடங்கு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். கேட்டும் வந்தார். அண்ணன் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. நன்றி சொல்லப் போன பெரியக்காவிடம், "படிக்கிற புள்ளைங்க நடமாடுற வீடு நல்லா வெளங்கும்மா. நீங்க நடத்துங்க" என்றார். பெரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் தோழியின் கையை விடவே இல்லை.

கிடங்கை வீடாக்குவதற்குள் இருவருக்கும் முதுகெலும்பு முறிந்துவிட்டது. நீளமான இரண்டு அறைகள், பின்னால் ஒரு சமையல் கூடம், கிணற்றடி. ஜன்னல் இடுக்குகளில் நூல் பிசிறு பஞ்சுபோல அடைத்துக் கிடந்தது. எவ்வளவு பெருக்கினாலும் மறுநாள் மூலையில் ஒரு கொத்து வந்து உட்கார்ந்திருக்கும். சுவருக்கு இருவரே வெள்ளையடித்தார்கள். பாய்கள், தட்டுகள், டிரங்குப் பெட்டி வைக்கப் பலகைகள் எல்லாம் நாலு பேர் நாலு விதமாகக் கொடுத்தவை.

பெண்களைச் சேர்ப்பதுதான் மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. பெரியக்கா ஒவ்வொரு ஊராகப் போய், அப்பன்மார்களை ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பேசுவார். பேச ஆரம்பித்தால் அவருக்குக் குரல் உயர்ந்துவிடும், கை தானாக ஆடும். உங்கள் பெண் சொந்தக்காலில் நிற்பாள், நாலு பேருக்கு வழி காட்டுவாள், அவளுக்கு நான் பொறுப்பு என்பார். அந்த நேரத்தில் சின்னக்கா உள்ளே போய் அம்மாக்களோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பேசிவிட்டு வந்தால் யாரும் பிடி கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வாரத்தில் எப்படியோ ஓர் அப்பா பெட்டியும் பெண்ணுமாக வாசலில் வந்து நிற்பார். பேருந்தில் ஊர் திரும்பும்போது சின்னக்கா, "உன் பேச்சுக்கு மயங்காத ஆளே இல்லடி. என்னையே ஆறாங்கிளாஸ்ல சேத்துவிட்டுடுவ போலிருக்கு" என்று கிண்டல் செய்வார். பெரியக்காவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

விடுதி ஓடியது இருவராலும்தான். பாடம், பரீட்சை, பள்ளிக்கூடத்துக்குப் போய் சண்டை போடுவது, நன்கொடை கேட்டு ஊர் ஊராக அலைவது எல்லாம் பெரியக்கா. மற்றதெல்லாம் சின்னக்கா. முதல் வாரம் அம்மாவை நினைத்து ஏங்கி அழும் சின்னப்பெண்களைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் வரிசையாக உட்கார வைத்துப் பேன் பார்ப்பார். காய்ச்சல் வந்தவளுக்குக் கஞ்சி, வயதுக்கு வந்தவளுக்குத் துணியும் தைரியமும். பெண்கள் பெரியக்காவுக்கு பயந்தார்கள், சின்னக்காவிடம் ஒட்டிக்கொண்டார்கள். அதில் பெரியக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மூன்றாம் வருஷம் அண்ணன் சில தையல் மெஷின்களை அனுப்பி வைத்தார். பழையவைதான், ஆனால் நன்றாக ஓடின. சாயங்காலம் பெரிய பெண்களுக்குத் தையல் வகுப்பு தொடங்கியது. கைத்தொழில் ஒன்று தெரிந்திருப்பது நல்லதுதானே என்று பெரியக்கா அண்ணனுக்கு மறுபடி நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

பத்தாவது முடிந்ததும் சில பெண்கள் மேலே படித்தார்கள். ஒருத்தி நர்ஸ் ஆனாள். ஒருத்தி டீச்சர் பயிற்சிக்குப் போனாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சில பேர் பரீட்சை முடிந்து போனவர்கள் போனவர்கள்தான். கோடை விடுமுறையில் பெரியக்கா நன்கொடைக்காக வெளியூர் சுற்றிவிட்டு வருவார். வந்து பார்த்தால் இன்னாரின் பெட்டி இருக்காது. சின்னக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டில் கஷ்டமாம், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார், எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்பார். பெரியக்கா உடனே கிளம்பி ஊருக்குப் போகத் துடிப்பார். "போய் என்ன பண்ணப் போற? அவங்க கஷ்டம் அவங்களுக்கு. இருக்கிறதுங்களைப் பாரு" என்று சின்னக்காதான் தேற்றுவார். டீ போட்டுக்கொண்டு வந்து கையில் திணிப்பார். அந்த ஆறுதல் இல்லாவிட்டால் தன்னால் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்று பெரியக்கா பலபேரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் குச்சி வந்தாள். ஒட்டடைக்குச்சி என்று மற்ற பெண்கள் வைத்த பட்டம், சுருங்கிக் குச்சி ஆகிவிட்டது. அப்பா கல் குவாரியில் வேலை செய்கிறவர். ஒருமுறை அவர்கள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்து செத்தது. மாட்டு டாக்டர் மறுநாள்தான் வந்தாராம். தான் மாட்டு டாக்டராக இருந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன் என்று குச்சி சொல்லுவாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரியக்கா மட்டும் அவளைத் தனியாக உட்கார வைத்து, அதற்கு என்னென்ன படிக்க வேண்டும், எந்த மார்க் வேண்டும் என்று சொன்னார். "நீ மார்க்கை வாங்கு. மீதியை நான் பாத்துக்கறேன்" என்று வாக்கும் கொடுத்தார். குச்சி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு படித்தாள். பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மார்க். பெரியக்கா அந்த வருஷம் நன்கொடைச் சுற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு, அவளுக்கு மேல்வகுப்பில் அறிவியல் பிரிவில் இடம் வாங்குவதற்காக அலைந்தார். இடமும் கிடைத்தது.

கிடைத்த செய்தியோடு வந்த மறுநாள் காலை, குச்சியின் அப்பா வந்தார். சின்னக்கா காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். பெரியக்கா அவரை உட்காரச் சொல்லி, பெண்ணின் மார்க்கைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னார். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மடியில் வைத்திருந்த காலிப் பையைப் பிரித்துத் தரையில் வைத்தார்.

"அவ துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கம்மா. ஒரு வாரம் முந்தியே வந்துட்டேன், குவாரில லீவு கெடைச்சுது. அப்படியே ஃபேக்டரில விட்டுட்டுப் போயிடறேன்."

எந்த ஃபேக்டரி என்று பெரியக்கா கேட்டார். அவர் தன்னைச் சோதிக்கிறாரோ என்பதுபோல அப்பா பார்த்தார்.

"தையல் ஃபேக்டரிதான். பத்தாவது வரைக்கும் இங்க படிக்க வைப்போம், முடிச்சதும் அங்க வேலை, தங்க இடம், எல்லாம் நம்ம பொறுப்புன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? சின்னக்கா வந்து எங்க வீட்டுல உக்காந்து சொன்னாங்களே. இவ ஆறாவது சேரும்போதே பேசின பேச்சு. நான் வாக்கு மாறுற ஆள் இல்லம்மா."

பெரியக்காவுக்கு அவர் சொன்ன வார்த்தைகள் புரிந்தன, விஷயம் புரியவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். நீங்க சொன்னதாத்தான் அவங்க சொன்னாங்க என்றார் அப்பா. பெரியக்கா மேல்படிப்புக்கு இடம் வாங்கியிருப்பதைச் சொன்னார். செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். அப்பாவுக்குக் குழப்பம் கோபமாக மாற ஆரம்பித்தது. ஃபேக்டரி ஆளிடம் போன வாரமே கையெழுத்துப் போட்டாயிற்று, மூன்று வருஷத்துக்கு. இப்போது மாற்றிப் பேசினால் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார். ஊரில் தனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் இப்படித்தான் பெண்ணை அனுப்பினார்கள், யாருக்கும் இந்தக் குளறுபடி இல்லையே என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பெரியக்காவுக்கு விஷயம் புரிந்தது. ஊருக்குத் திரும்பிப் போனதாகத் தான் நினைத்துக்கொண்டிருந்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

குச்சி அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெரியக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிரம்பிய பையோடு வந்தாள். பெரியக்கா அவள் கையைப் பிடித்தார். அவள் உருவிக்கொள்ளவில்லை, ஆனால் கையில் உயிரே இல்லை. அப்பா முன்னால் நடந்தார், அவள் பின்னால் போனாள்.

சின்னக்கா கூடையோடு வந்தபோது பெரியக்கா சமையல் கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"குச்சியோட அப்பா வந்துட்டுப் போனார்" என்றார்.

சின்னக்கா கூடையை இறக்கி வைத்தார். "அடுத்த வாரம்தானே வரச் சொன்னேன்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தள்ளிப்போட்ட நன்கொடைச் சுற்றுக்கு அடுத்த வாரம்தான் பெரியக்கா கிளம்புவதாக இருந்தது; ஊரில் இருந்திருக்க மாட்டார்.

உள்ளே யாரோ சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தது கேட்டது.

"எப்பலேர்ந்துடி?" என்று பெரியக்கா கேட்டார்.

"மொதல்லேர்ந்தே."

"வீடு?"

"அண்ணன் எதையும் சும்மா குடுத்து நான் பாத்ததில்ல. எனக்குச் சோறு போட்டதுக்கே அவர் மெஸ்ஸுல நான் வருஷக்கணக்கா அடுப்பு ஊதியிருக்கேன். வருஷத்துக்கு இத்தனை பொண்ணுங்க வேணும், படிக்கத் தெரிஞ்ச பொண்ணுங்களா வேணும்னார். சரின்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

மாட்டேன் என்றார் பெரியக்கா.

"அப்ப இந்த வீடே இருந்திருக்காது. இங்க படிச்சுப் போன ஒருத்திகூட படிச்சிருக்க மாட்டா." சின்னக்காவின் குரலில் தடுமாற்றம் இல்லை, பலநாள் தனக்குத்தானே சொல்லிப் பழகிய பேச்சு போல இருந்தது. "நீ வெளிய நின்னு பேசுவ. சொந்தக்கால்ல நிப்பா, உலகத்தைத் தெரிஞ்சுப்பான்னு. எல்லாரும் தலையாட்டுவாங்க. உள்ள அவங்கம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, படிச்சு முடிச்சு என்ன பண்ணுவான்னு. அதுக்கு நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காகத்தான் பொண்ணுங்களை அனுப்பினாங்க. உன் பேச்சைக் கேட்டு ஒருத்தரும் அனுப்பல."

பெரியக்காவுக்கு இத்தனை வருஷமும் இருந்த ஒரே பெருமை அது. அதையும் தோழி சாதாரணமாகத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்.

"அவங்க அப்படிக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் ஒரு பதிலைத் தேடியிருப்பேன்டி" என்றார் பெரியக்கா. "நீ அந்தக் கேள்வியையே எங்கிட்ட வர விடலியே."

சின்னக்கா கூடையிலிருந்து காய்களை எடுத்துத் தரையில் பரப்ப ஆரம்பித்தார். சுமாராகப் படிக்கிறவர்களைத்தான் அனுப்பியதாக, கையோடு வேலையாக, சொல்லிக்கொண்டே போனார். குச்சி முதல் மார்க் என்றார் பெரியக்கா. சின்னக்காவின் கை அப்போதுதான் நின்றது.

"அவங்கப்பாகிட்ட பேசினப்ப அவ குட்டிப்பொண்ணு. இவ்வளவு மார்க் வாங்குவான்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்? இந்த வருஷம் எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு அண்ணன் வேற ஒத்தக்கால்ல நிக்கிறார்."

மறுநாள் பெரியக்கா ஃபேக்டரிக்குப் போனார். முன்பு நன்றி சொல்லப் போனபோதெல்லாம் அலுவலக அறையோடு திரும்பிவிட்டவர், இந்த முறை உள்ளே போக வேண்டும் என்றார். அண்ணன் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. இவருக்கு விஷயம் தெரியாது என்பதை நம்ப அவரால்தான் முடியவில்லை. "தங்கச்சி உங்ககிட்ட கலந்துக்கிட்டுத்தான் எல்லாம் பண்றதா சொல்லுவாளே" என்றார். பிறகு தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக மெஷின்கள். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. காற்றில் நூல் தூசி மிதந்தது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். ஒவ்வொரு வரிசையிலும் தலைகள் திரும்பின. எல்லாம் தெரிந்த முகங்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க அனுமதி இல்லை. டீ குடிக்க விட்ட இடைவேளையில் சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். விடுதியில் வாயாடி என்று பெயர் வாங்கியவள், இப்போது கன்னமெல்லாம் ஒட்டிப்போய் இருந்தாள், "எங்களைப் பாக்க வர இத்தன வருஷம் ஆச்சா அக்கா?" என்றாள்.

நீ இங்கே இருப்பதே எனக்குத் தெரியாது என்றார் பெரியக்கா. வாயாடி சிரித்தாள்.

"நீங்கதானே அனுப்பினீங்க. எல்லாரையும் மேல படிக்க வைக்க முடியல, மனசத் தேத்திக்கன்னு நீங்க சொன்னதா சின்னக்கா சொன்னாங்க. நேர்ல சொல்ல உங்களுக்குத் தாங்காது, அதான் ஊருக்குப் போயிட்டீங்கன்னாங்க. நான் உங்க மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேன். இப்ப இல்ல."

தான் வெளியூரில் நன்கொடை கேட்டு அலைந்த அந்த நாட்களில் தன் பெயரை வைத்து இங்கே நடந்தது பெரியக்காவுக்கு இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. திரும்பி வந்து, போன பெண்களுக்காகத் தான் அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்த கை, அவர்களை அனுப்பி வைத்த கை. டீ போட்டுக் கொண்டுவந்து திணித்ததும் அதே கை.

குச்சி கடைசி வரிசையில், பழகும் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். இடைவேளைக்கு எழுந்து வரவில்லை. பெரியக்கா அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் ஒரு துண்டுத் துணியில் நேர்க்கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க, எங்கப்பாகிட்ட ஒண்ணு சொன்னீங்க" என்றாள் குச்சி, தலை நிமிராமல். "ரெண்டுல எது நெசம்?"

"உங்கிட்ட சொன்னதுதான். அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல. சின்னக்கா சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியாதும்மா."

குச்சி இப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிக்கா தெரியாம இருக்கும்?"

மணி அடித்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

அவர் குச்சியின் ஊருக்குப் போனார். அப்பா வீட்டில் இருந்தார், ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததைப் பெரியக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். கையெழுத்தை ரத்து செய்ய வேண்டியதைத் தான் செய்வதாகச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களையும் நம்பினேன், அவங்களையும் நம்பினேன். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறதுல எம்பொண்ணு நடுவுல மாட்டணுமா? கையில ஒரு வேலை இருக்கு. அது போதும் எங்களுக்கு" என்றார்.

பெரியக்கா அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. விடுதியில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் ஊருக்கும் தனியாகப் போனார். எங்கே போனாலும் முதல் கேள்வி, சின்னக்கா வரலியா என்பதுதான். இனிமேல் வரமாட்டார் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னார். பத்தாவது முடிந்தால் ஃபேக்டரி வேலை என்று உங்களிடம் சொல்லப்பட்டது என் வாக்கு இல்லை, அப்படி ஒரு வேலையை நான் தரப்போவதில்லை, மேலே படிக்க வைப்பேன் என்றார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். யாரும் திட்டவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாக்கள் வெளியே வந்து, அப்ப வேலை இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வாரமே வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் நேராக ஃபேக்டரிக்கே கூட்டிப் போய்ச் சேர்த்தார்கள். சின்னக்கா சொன்னதில் அத்தனையும் பொய்யில்லை என்பதுதான் பெரியக்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. இருந்துகொள்ளுங்கள், பழையபடியே நடக்கட்டும் என்று ஆள் விட்டார். பெரியக்கா மறுத்துவிட்டார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தன் கடை மாடியைக் கொடுத்தார். அவருடைய மகள் பெரியக்காவிடம் படித்தவள். கொடுப்பதற்கு முன்னால் பெரியக்கா அவரை உட்கார வைத்து, இதற்கு பதிலாக உங்களுக்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். மனிதர் திருதிருவென்று விழித்தார். ஒன்றும் வேண்டாம், மாடியில் குதிக்காமல் இருந்தால் போதும், கீழே கண்ணாடி சாமான்கள் என்றார். பெரியக்கா அதற்கும் சிரிக்கவில்லை. நல்ல மனிதரை இப்படிக் குடைந்துவிட்டோமே என்று பிறகு வருத்தப்பட்டார்; ஆனால் அதன் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்தார்.

கிளம்பிய நாளில் டிரங்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னக்கா கிணற்றடியில் இருந்தார். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, விஷயம் எதுவும் புரியாமல், சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சின்னக்கா அவளுக்குச் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பெரியக்கா வண்டிப் பக்கத்திலேயே நின்று காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பின்னல் முடிந்து பெண் ஓடி வந்த பிறகு சின்னக்கா எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார்.

"ராத்திரில இதுக்கு இருமல் வரும். வெந்நீர் குடு" என்றார்.

பெரியக்கா சரி என்றார். ஒரே பெஞ்சில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. சின்னக்கா மறுபடி ஃபேக்டரி மெஸ்ஸுக்கே போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. கடைத்தெருவில் ஓரிரு முறை எதிர்ப்பட்டபோது ஒருவர் நகர்ந்து மற்றவருக்கு வழிவிட்டார்.

மாடியில் விடுதி நொண்டிக்கொண்டே நடந்தது. சின்னக்கா செய்த வேலைகளையெல்லாம் பெரியக்கா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்குப் பேன் எடுக்கத் தெரியவில்லை. பெண்கள் வலியில் நெளிந்தார்கள். அழுகிற குழந்தையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் போய் மரம்போல உட்கார்ந்திருப்பார். கிராமங்களுக்குப் போகும்போது இப்போது அவர் வெளியே நின்று பேசுவதில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அம்மாக்களிடம் பேசினார். முன்பு இங்கே படித்து நர்ஸ் ஆனவளைக் கையோடு கூட்டிப் போய் அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். அப்படியும் சிலர்தான் வந்தார்கள்.

அடுத்த வருஷம் பள்ளி திறக்கும் சமயத்தில் ஓர் அம்மா சின்னப்பெண் ஒருத்தியோடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். குச்சியின் அம்மா. கூட வந்தது குச்சியின் தங்கை.

"அவங்கப்பாவுக்கு இஷ்டமில்ல. பெரியவதான் ஒரே புடிவாதம், இங்கதான் சேக்கணும்னு" என்றார்.

அவள் எங்கே என்று பெரியக்கா கேட்டார்.

"கீழ நிக்கிறா. மேல வர மாட்டாளாம்."

பெரியக்கா மாடிப்படியில் வேகமாக இறங்கினார். குச்சி தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு பாத்திரக்கடை ஓரமாக நின்றிருந்தாள். இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். ஃபேக்டரி அட்டை கழுத்தில் தொங்கியது. பெரியக்கா வருவதைப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தாள், ஆனால் போய்விடவில்லை. பெரியக்கா தெருவைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றார். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவளுக்குக் கணக்கு வராதுக்கா" என்று குச்சி உரக்கச் சொன்னாள். "திட்டாம சொல்லிக்குடுங்க."

சரி என்று பெரியக்கா தலையசைத்தார். குச்சியின் படிப்பைப் பற்றி, ஃபேக்டரிக் கையெழுத்தில் இன்னும் மீதியிருக்கும் இரண்டு வருஷத்தைப் பற்றி, தனித்தேர்வு எழுதலாம் என்பதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. தெருவுக்குக் குறுக்கே கத்திச் சொல்ல முடியாது.

"மாசா மாசம் லீவுல வருவேன். அவகிட்ட எல்லாம் கேப்பேன்" என்றாள் குச்சி. பாசத்தில் சொன்ன மாதிரி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று எச்சரித்த மாதிரிதான் இருந்தது.

"வா" என்றார் பெரியக்கா. "எல்லாத்தையும் கேளு."

குச்சி பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவள் பேருந்தில் ஏறும்வரை பெரியக்கா நின்றார். பிறகு மேலே போய், பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கைக்கு, பாய் விரிக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.